அம்மியா கோல் நட்ட வருஷம்

கரி சுடுகிற ஹெர்மோலாஸ், பக்கத்து வீட்டு எல்பிஸின் பல்வலியை எடுத்து ஒரு கருங்கல்லில் வைத்தது திராட்சை அறுவடைக்கு முந்தின வாரம். கல் மூன்று நாள் முனகியது, பிறகு பழகிக்கொண்டது. எல்பிஸ் அன்று மத்தியானமே வாதுமைக் கொட்டையைப் பல்லால் உடைத்துத் தின்றபடி தெருத்தெருவாக நடந்தாள். மறுநாள் காலையில் ஹெர்மோலாஸின் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள், ஆளுக்கொரு கல்லோடு. கல்லுக்கு எங்கள் அர்கந்தா ஊரில் பஞ்சமே இல்லை. எரிந்த மலை தலைக்கு மேலேயே இருக்கிறது. எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கிவிட்டு ஓய்ந்துபோனது. அது துப்பிய கருங்கற்கள் ஏர்முனையை உடைப்பதற்கென்றே நிலமெங்கும் கிடக்கின்றன. ஹெர்மோலாஸ் ஒரு கையை வலிக்கிற இடத்தில் வைப்பான், மறு கையைக் கல்லில் வைப்பான், கண்ணை மூடிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் கல் லேசாக நகரும். வந்தவர் எழுந்து வீட்டுக்குப் போவார். கல்லை மட்டும் அவன் சுமந்துபோய் மலைச்சரிவில் வைத்துவிட்டு வருவான். ஆறு வருஷத்தில் அப்படி முந்நூற்றுப் பதினொரு கற்கள் சேர்ந்தன. தலைவலிக் கற்கள் வெயில் ஏறினால் நிழல் பக்கம் திரும்பிக்கொள்ளும். மூட்டுவலிக் கற்கள் மழைக்கு முந்தின நாள் நெறுநெறுவென்று சத்தம் போடும். அதைக் கேட்டு ஊரார் காயப்போட்ட திராட்சையை உள்ளே எடுப்பார்கள். வயிற்றுவலிக் கல்லில் பறவை உட்காராது. காய்ச்சல் கற்களைச் சுற்றி ஆடுகள் படுத்துக்கொள்ளும்.

இதில் வருத்தப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிலாச்சாமி கோவில் பூசாரி தியோகெனேஸ். எங்கள் பக்கத்தில் நோய் என்று ஒன்று சும்மா வருவதில்லை. பொய்ச்சத்தியம் செய்தவனுக்குக் கண் போகும், அடுத்தவன் ஆட்டை மறைத்தவனுக்கு இடுப்பு பிடிக்கும். அவன் கோவிலுக்கு வந்து இன்ன தப்புச் செய்தேன், சாமி இன்ன இடத்தில் அடித்தார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, அதைக் கல்லில் வெட்டி நிறுத்த வேண்டும். கல் நின்றால் நோய் போகும். கோவில் முற்றத்தில் பாட்டன் பூட்டன் காலத்துத் திருட்டெல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். ஹெர்மோலாஸ் யாரிடமும் என்ன தப்புச் செய்தாய் என்று கேட்கவில்லை. யாராவது தானாகச் சொல்ல ஆரம்பித்தாலும், "வலிக்குதுன்னுதானே வந்தே, அது எங்கேன்னு மட்டும் காட்டு" என்பான். ஆறு வருஷமாக முற்றத்தில் ஒரு புதுக் கல் நிற்கவில்லை. வருத்தப்பட்ட இன்னொருவன் கல்தச்சன் பாப்பியாஸ். நல்ல கைகாரன். ஆறு வருஷமாகப் பன்றித் தொட்டி கொத்திக்கொண்டிருந்தான்.

ஹெர்மோலாஸ் முதன்முதலாக வலியை நகர்த்தியது எல்பிஸுக்கு என்றுதான் ஊர் நினைத்தது. அது சரியில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு அவனுடைய மகள் மெலித்தா, மூன்று வயது, காய்ச்சலில் கிடந்தாள். கட்டிலின் ஒரு கால் உடைந்திருந்ததால் அதற்கு ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். ஐந்து நாள் தூங்காத ஹெர்மோலாஸ், ஒரு கை பிள்ளையின் நெற்றியிலும் ஒரு கை அந்தக் கல்லிலுமாகக் கண்ணயர்ந்துவிட்டான். அவன் விழித்தபோது பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது, கல் சுட்டது. அவனும் அவன் மனைவி அம்மியாவும் அழுது சிரித்து முடிப்பதற்குள் பிள்ளை செத்துப்போனாள். காய்ச்சல் போன பிறகு பிழைத்திருக்கப் பிள்ளையின் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மியா அந்தக் கல்லைப் பார்க்க மாட்டேன் என்றாள். ஆற்றில் எறிந்துவிட்டு வா, நிலாச்சாமி மேல் சத்தியம் பண்ணு என்றாள். அவன் சத்தியம் பண்ணினான். ஹெர்மோஸ் ஆறு அரை நாள் நடை. நெஞ்சில் அணைத்தபடி பாதி வழி போனவனுக்குக் கல்லின் சூடு சட்டைக்குள் இறங்கியது, பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரியே இருந்தது. திரும்பி வந்து மலைச்சரிவில் ஒரு பாறை இடுக்கில் வைத்தான். வீட்டுக்கு வந்து, எறிந்துவிட்டேன் என்றான். பிறகு மற்றவர்களின் வலிக் கற்களையும் அங்கேயே வைக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். தினமும் மலை ஏறுகிறவனை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா.

ஆறாவது வருஷம் எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத பனி விழுந்தது. ஹெர்மோலாஸ் ஒரு காலையில் மேலே போனபோது பிள்ளையின் கல் நடுங்கிக்கொண்டிருந்தது. சூடு குறையவில்லை, குளிர்காய்ச்சல். அவன் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து, அம்மியாவுடைய தாய்வீட்டுச் சிவப்புக் கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் கல்லுக்குப் போர்த்தினான். வீட்டில் வேறு போர்வை இல்லாமல் இல்லை. ஆனால் மெலித்தா அதில்தான் தூங்குவாள், வேறு எதைப் போர்த்தினாலும் காலால் உதைப்பாள். அம்மியா பெட்டியைத் திறப்பது வசந்த விழாவுக்கு மட்டும்தான், அதற்குள் பனி உருகிவிடும், திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். மாதம் ஒரு முறை, அவன் காட்டில் இருக்கிறபோது, அவள் அந்தப் பெட்டியைத் திறந்து போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஆறு வருஷம் அழுதிருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு அவர்கள் மேல் கோபம் வருகிறது.

போர்வை இல்லாததைக் கண்ட அன்றே அம்மியா கோவிலுக்குப் போய்க் கோல் நட்டாள். எடுத்தவன் யாரென்று தெரியாதபோது எங்கள் ஊரில் செய்வது அதுதான். நிலாச்சாமியின் கோலை முற்றத்தில் நட்டுவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து வழக்கு சாமியுடையது. நட்டவர் ஓர் உறுப்பைச் சொல்ல வேண்டும். சாமி அங்கே அடிப்பார். குற்றவாளி வரவில்லையென்றால் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஓர் உறுப்பைக் கூட்டலாம். அம்மியா கைகளைச் சொன்னாள். ஆறு வருஷம் கழித்து வேலை வந்த மகிழ்ச்சியில் பூசாரி அதைச் சாமி முன்னால் மூன்று தரம் உரக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஹெர்மோலாஸ் காட்டிலிருந்து வந்தபோது கைகள் இரண்டும் தோளிலிருந்து தொங்கின. விரல் அசையவில்லை. அம்மியா பதறிப்போய் அவற்றை எண்ணெய் தடவித் தேய்த்தாள்.

"ஊர்ப்பட்ட வலியையெல்லாம் இழுத்துப் போட்டீங்கல்ல, கை என்னத்துக்கு ஆகும்? நான் சொன்னா கேட்டாத்தானே" என்றாள். பிறகு, "அம்மா போர்வையை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். கோல் நட்டுட்டு வந்தேன். எடுத்த கை வெளங்காமப் போகட்டும்னு சொல்லிட்டேன்."

ஹெர்மோலாஸ் தன் கைகளைப் பார்த்தான். "ஒரு போர்வைக்கா அம்மியா? குளிருக்கு எடுத்திருப்பான்."

"நீங்க யாருக்குத்தான் தண்டனை வேணும்னு சொல்லியிருக்கீங்க? ஊரெல்லாம் நல்லவன். சும்மா இருங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்லைச் சொல்ல வேண்டும், கல்லைச் சொன்னால் சாமி மேல் செய்த சத்தியத்தைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, உன் பிள்ளையின் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று பெற்றவளிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. பனி உருகட்டும் என்று தள்ளிப்போட்டான். அம்மியா அவனுக்குக் கூழ் ஊட்டினாள், மூக்கைத் துடைத்துவிட்டாள், உடை மாற்றினாள். அடுத்த அமாவாசைக்குக் கோவிலுக்குப் போய்க் கால்களைக் கூட்டிவிட்டு வந்தாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் உள்ளே அவன் விழுந்த சத்தம் கேட்டது. ஊர் மறுபடியும் அதையேதான் சொன்னது: பாவம், முந்நூறு பேர் வலி, மனுஷ உடம்பு எவ்வளவு தாங்கும். கோல் நட்டவர்கள் யாருக்கும் திருடன் தங்கள் கையால்தான் சாப்பிடுகிறான் என்று தோன்றியதில்லை. அம்மியாவுக்கும் தோன்றவில்லை. அவளைக் குறை சொல்கிறவர்கள் இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது அமாவாசை அன்று காலையில் ஹெர்மோலாஸ் முடிவு செய்துவிட்டான். அம்மியா ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். கட்டிலில் கிடந்தபடியே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எல்பிஸைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, அம்மியா வந்தா நேரே வீட்டுக்கு வரச்சொல்லு. கோவிலுக்குப் போறதுக்கு முன்னாடி. ஒரு விஷயம் சொல்லணும்."

"என்னண்ணே, ஆறு வருஷமா சொல்லாததா இன்னைக்குச் சொல்லப்போறே?" என்று எல்பிஸ் சிரித்தாள். ஆனால் ஓடைக்கரை வரை நடந்தே போனாள், அது உண்மை. அம்மியா துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு அங்கிருந்தே குறுக்கு வழியாகக் கோவிலுக்குப் போயிருந்தாள்.

அங்கே அவள் நாக்கைச் சொன்னபோது பூசாரியே தயங்கினார். அவர் கெட்டவர் இல்லை, முறை தெரிந்தவர்.

"நாக்கை விட்டுவை அம்மியா. வேற எதை வேணாலும் கேளு. காது கேளு, பல்லு கேளு. நாக்கு எனக்கு வேணும். அவன் வந்து சொன்னாத்தானே நான் கோலை இறக்க முடியும்?"

"சொல்றவனா இருந்தா கை போனப்பவே வந்திருப்பான், பூசாரியய்யா. கை போச்சு, கால் போச்சு, இன்னும் எங்கேயோ உக்காந்து நல்லவன் மாதிரி பேசிக்கிட்டு இருக்கான். அந்தப் பேச்சு நிக்கட்டும்."

"கோவத்துல கேக்குறே."

"ஆமா, கோவத்துலதான் கேக்குறேன். பிள்ளை வாசனை அதுலதான் இருந்துச்சு. எனக்கு வேற என்ன இருக்கு?"

பூசாரி சொன்னார். இந்த முறை ஒரு தரம்தான் சொன்னார். அம்மியா இறங்கி வருகிற வழியில் எல்பிஸ் எதிரே வந்து, "உன் புருஷன் ஏதோ சொல்லணுமாம், முகமே சரியில்ல" என்றாள். அம்மியா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். ஹெர்மோலாஸ் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்ல வந்தீங்க, என்ன சொல்ல வந்தீங்க என்று இருட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கு இரண்டாம் நாள் பனி உருகி, எல்பிஸ் ஆடுகளை மேலே ஓட்டிப்போனாள். மத்தியானம் மூச்சு வாங்க இறங்கி வந்தவள் அம்மியாவின் வாசலில் நின்றே பேசினாள்.

"உன் போர்வை கெடச்சுடுச்சுடி. திருடன் ரொம்பப் பாசக்காரனா இருக்கான். ஒரு கல்லுக்குப் போத்தி, நாலு பக்கமும் செருகிவிட்டிருக்கான், காத்து போகாம. நான் தொடலை. நீயே வந்து பாரு."

அம்மியா போனாள். போர்வையைப் பிடித்து இழுக்கத்தான் போனாள். கை கல்லில் பட்டது. ஐந்து நாள் இரவும் பகலும் தொட்டுத் தொட்டுப் பார்த்த காய்ச்சலை உள்ளங்கை மறக்குமா? ஒரு கணம்தான். கைகளைச் சொன்னது யார், கால்களைச் சொன்னது யார், அந்தந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்துபோயிற்று. அவள் கத்தவில்லை என்று எல்பிஸ் சொல்கிறாள். போர்வையின் விலகிய ஓரத்தைத் திரும்பச் செருகி, கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மலை இறங்கினாளாம். வீட்டுக்கு வந்து கட்டிலில் அவனருகே படுக்கவைத்தாள்.

"ஆத்துல போடலையா?" என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையசைத்தான். அந்த ஒன்றுதான் அவனால் முடிந்தது. "இத்தனை நாளும் சூடு இறங்கவே இல்லையா?" இல்லை. "அழுதாளா?" அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு இல்லையென்று அசைத்தான். அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அவள் கேட்கவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டுக் கோவிலில் பூசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குற்றவாளி வாயால் சொல்ல வேண்டும், வாயைக் கட்டியாயிற்று. கோல் நட்டவளே மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் ஆகாதா என்று அம்மியா கேட்டாள். வழக்கு உன்னுடையது இல்லை, சாமியுடையது என்றார். அப்புறம் பழைய கற்களையெல்லாம் படித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். பிறவி ஊமை ஒருவனுக்காக ஒரு காலத்தில் செய்தது: குற்றத்தைக் கல்லில் வெட்டி அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவன் ஆமென்று தலையசைக்க வேண்டும், பிறகு கல்லை முற்றத்தில் நிறுத்த வேண்டும். கல் நின்றால் கோல் இறங்கும். அம்மியா அங்கிருந்து பாப்பியாஸின் பட்டறைக்கு ஓடினாள்.

பாப்பியாஸுக்கு ஆறு வருஷத்தில் இதுதான் முதல் கல். பன்றித் தொட்டி கொத்தின உளிகளைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, தகப்பன் விட்டுப்போன மெல்லிய உளிகளை எடுத்துத் தீட்டத் தொடங்கினான். அதற்கே ஒன்றரை நாள் ஆனது. கல்லின் மேல்பாதியில் திருடப்பட்ட பொருளின் உருவம் வர வேண்டும், கீழ்ப்பாதியில் எழுத்து. மேலிருந்து கீழே வருவதுதான் முறை. அவன் போர்வையின் மடிப்புகளில் இறங்கினான். நான்காம் நாள் அம்மியா போய் நின்றாள்.

"மடிப்பு வேணாம் அண்ணே. எழுத்தை வெட்டு, போதும். அவருக்குத் தண்ணி கூட இறங்க மாட்டேங்குது."

"படம் இல்லாம வச்சா எந்தப் போர்வைன்னு சாமிக்கு எப்படிம்மா தெரியும்? அப்புறம் அந்தக் கல்லும் வீண், உன் அலைச்சலும் வீண். ஓரத்துல நூல் தொங்கணும், அது ஒண்ணுதான் பாக்கி."

"நூல் இல்லாத போர்வைதான் அது."

"கம்பளிக்கு நூல் இல்லாம இருக்குமா? நீ போய் அவனைப் பாரு, நான் என் வேலையைப் பாக்குறேன். ஹெர்மோலாஸுக்கு நானா கெடுதல் பண்ணுவேன்? என் தோள்வலியை எடுத்தவன்மா அவன்."

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுடைய தோளில் வலி இருந்திருந்தால் ஒரு நாளைக்கு அவ்வளவு நேரம் உளி பிடித்திருக்கவும் முடியாது, அவ்வளவு மடிப்புகளும் வந்திருக்காது. எட்டாம் நாள் மத்தியானம், "ஹெர்மோலாஸ் ஆகிய நான், என் மனைவியின்" என்பது வரை வெட்டியிருந்தபோது, ஹெர்மோலாஸ் இறந்துபோனான். ஒரு பக்கம் அம்மியா, ஒரு பக்கம் போர்வை சுற்றிய கல். பத்தாம் நாள் கல் முடிந்தது. தலையசைக்க ஆளில்லை, ஆனாலும் நட்ட கோலை இறக்காமல் விட முடியாது என்பதால் பூசாரி கல்லை நிறுத்திக் கோலை இறக்கினார். சாமி திருப்தி அடைந்தார் என்று முறைப்படி சொன்னார், சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கல்லைப் பார்க்க இப்போது வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மடிப்புகளைத் தடவிப் பார்த்து, நிஜக் கம்பளி மாதிரியே இருக்கிறதே என்கிறார்கள். பாப்பியாஸ் அதற்கப்புறம் அந்த முற்றத்தில் காலெடுத்து வைக்கவில்லை.

ஹெர்மோலாஸ் போன மறுநாளிலிருந்து மலைச்சரிவில் கற்கள் ஒவ்வொன்றாகச் சாதாரணக் கல்லாயின. வலிகள் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தன. எல்பிஸின் அந்தப் பல் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. வலி பொக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பாப்பியாஸுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர் செத்துப்போயிருந்தால் வலி அடுத்த வாரிசைத் தேடிப் போனது. கிழவர் ஒருவரின் முதுகுவலி, மகன் இருக்க மருமகனுக்குப் போய்ச் சேர்ந்ததில் அந்த வீட்டில் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. ஊர் மறுபடியும் கோவிலுக்கு ஓடியது. முற்றத்தில் இடமில்லாமல் கற்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஹெர்மோலாஸ் உயிரோடு இருந்தபோது அவனுக்கு ஒரு வாய் கூழ் ஊட்டப் போகாதவர்கள், அவன் கை கிடைக்குமா என்று கல்லறையைத் தொட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

அவன் போன நான்காம் நாள் சாயங்காலம் அம்மியாவின் கட்டிலில் இருந்த கல் ஆறியது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எல்பிஸ் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், "கோவிலுக்குப் போவோம் வாடி, ஏதாவது சொல்லிக் கல் வச்சிடலாம்" என்றாள். அம்மியா போக மாட்டேன் என்றாள்.

"எதுக்கு இறக்கணும்? இது என் காய்ச்சல் இல்லடி, மெலித்தாவோடது. இவ்வளவு நாள் அப்பன்கிட்ட இருந்தா. இப்ப என்கிட்ட வந்திருக்கா."

பிறகு, "ஒரே ஒரு நாள் நான் பொறுத்திருக்கலாம் எல்பிஸ்" என்றாள். எல்பிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. தினமும் வெயில் தாழ்ந்ததும் அம்மியாவுக்குக் காய்ச்சல் ஏறும், விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் இறங்கும். அது அவளை உருக்கவில்லை, கொல்லவுமில்லை. முதல் வருஷம் ஊர் அதைப் பற்றிப் பேசியது, பிறகு விட்டுவிட்டது. குளிர்காலத்தில் மாவு புளிக்காத வீட்டுப் பெண்கள் பிசைந்த மாவைத் துணியால் மூடி எடுத்துவந்து, அந்த நேரத்துக்கு அவளருகில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மாவு நன்றாக உப்பும். மறுநாள் காலையில் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டை அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அதை அவள் உடனே தின்பதில்லை. சாயங்காலம் உடம்பு சுடத் தொடங்கியதும் பாலில் ஊறவைத்து, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊட்டுகிற அளவில் பிட்டுப் பிட்டு, ஊதி ஊதி, தானே தின்கிறாள்.